மழையின் பங்கு

சுயம்புக்கனி தன் ஒன்றரை வயது மகளை இடுப்பிலிருந்து இறக்கி உப்பளத்து வரப்பில் உட்காரவைத்து, "ரெண்டே நிமிஷம் மக்கா, அம்மா இதைப் பறக்கவிட்டுட்டு வந்து தூக்கிக்கிடுதேன்" என்று சொன்ன அந்த ஐப்பசி முற்பகலுக்குப் பிறகு, சிப்பிவிளையில் மூன்று வருஷம் மழை பெய்யவில்லை.

சிப்பிவிளை கடலுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே பாத்தி பாத்தியாகக் கிடக்கிற உப்பள ஊர். மரம் குறைவு, நிழல் அதைவிடக் குறைவு, கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை மட்டும் ஏராளம். அங்கே இருந்த ஒரே செல்போன் ரிப்பேர் கடை சுயம்புக்கனியுடையது. அவள் புருஷன் தங்கமாரி உப்பு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பான். அவன் இல்லாத அந்த இருபது நாட்களில், கடைக்கு ஆள் வராத பொழுதுகளில், குழந்தை மடியில் தூங்க, மீன் ஏற்றுமதிக்காரர்கள் தூக்கிப்போட்ட தெர்மகோல் பெட்டிகளை, பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து உருவிய கம்பியைச் சூடாக்கி, வெண்ணெய் அறுப்பதுபோல் அறுத்து, அவள் விமானம் செய்துகொண்டிருந்தாள்.

முதல் விமானம் எறிந்த இடத்திலேயே மூக்குக் குத்தியது. இரண்டாவது, தலையைத் தூக்கி ஒரு கணம் யோசித்து, வாலில் உட்கார்ந்தது. மூன்றாவதற்கு உடைந்த தூண்டில் கம்பை இறக்கைக்குள் எலும்பாக வைத்தாள். சைக்கிள் கம்பியை நெளித்து வாலுக்கு இழுகம்பியாக்கினாள். கல்யாண வீடியோ எடுத்து அலுத்துப்போன ஒருவனிடமிருந்து மோட்டாரையும் ரிமோட்டையும் வாங்கிவந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் போட்டுவைத்திருந்த கோடுகளைப் பார்த்தால், எந்தக் கல்லூரிக்காரனும் குறை சொல்ல இடமிருக்காது.

"ஏளா, இது துபாய் வரைக்கும் போவுமா?" என்று கேட்பார்கள், போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர்கள்.

"உங்களை ஏத்துனா கீழூர் தாண்டாது. நீங்க ஒரு மூட்டை கனம்லா" என்பாள் அவள், தலை நிமிராமல்.

ரிமோட்டோடு ஒரு புத்தகம் வந்தது, ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் சீனம். ஊருக்கு எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். பதினெட்டு வருஷம் பஹ்ரைனில் எண்ணெய்க் கம்பெனியில் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் திரும்பிவந்து, பன்னிரண்டு ஏக்கர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டும் பாங்கி நோட்டீஸும் படித்துச் சொல்கிற கூலியாக ஊர் எனக்கு மரியாதை கொடுத்துவந்தது. இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திருப்பத்துக்கு, மேலே இருக்கிற கறுப்புச் சுவிட்சு நிறுத்துவதற்கு என்று அவளுக்குத் தேவையானதை அன்று படித்துச் சொன்னேன். புத்தகம் அதன்பிறகு என் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது.

விமானம் முடிந்த அன்று அதை என் அளத்துக்குத்தான் கொண்டுவந்தாள், அங்கேதான் நீளமான வரப்பு இருந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களை இறக்கையின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். வால் தாழ்ந்தது. மூக்கில் கொஞ்சம் கனம் வேண்டும். வேறு ஊராக இருந்தால் ஈயக் குண்டையோ நட்டையோ தேடியிருப்பார்கள். எங்கள் ஊரில் கையை நீட்டினால் அகப்படுகிற கனம் உப்புதான்.

வரப்பின் மூலைக் கம்பத்தில் ஒரு துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் முதல் தடவை உப்பு வாரும்போது, முதல் பிடியை யாரும் விற்பதில்லை, உலையில் போடுவதில்லை. துணியில் முடிந்து கம்பத்தில் கட்டிவிடுவோம். அது மழையின் பங்கு. ஐப்பசியில் மழை வந்து அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு, தன் பங்கு கிடைத்த திருப்தியில், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களைத் தொடாமல் போய்விடும் என்பது ஊர்க் கணக்கு. எங்கள் அப்பாக்களின் அப்பாக்களும் அப்படித்தான் கட்டினார்கள், யாரும் அதைத் தொட்டதில்லை, தொட வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை.

"அண்ணே, இதை எடுத்துக்கிடட்டுமா? கனம் சரியா இருக்கும்போலத் தெரியுது. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு இங்கனயே கட்டிருதேன்."

"எடுத்துக்கோ" என்றேன். அவ்வளவு லேசாக.

முடிச்சை மூக்குக்குள் வைத்து ஒட்டிவிட்டு மறுபடியும் விரல்களில் தூக்கினாள். விமானம் தராசு முள்போல் நேராக நின்றது. அப்போதுதான் குழந்தையை இறக்கிவிட்டு, அந்த இரண்டு நிமிஷத்தைச் சொன்னாள்.

விமானம் நன்றாகவே பறந்தது. உப்பின்மேல் அதன் நிழல் ஒரு காக்காயின் அளவில் ஓடியது, குழந்தை அந்த நிழலைப் பார்த்துக் கைதட்டியது, சுயம்புக்கனி எங்களில் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்த நேரத்தில் தென்கிழக்கே கடல் கறுத்து, மழை தண்ணீரின்மேல் காலூன்றி நடந்துவந்தது. அளம் முழுக்க மூடாத அம்பாரங்கள். ஆணும் பெண்ணும் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மழை முதல் வரப்பைத் தொட்டது, தன் பங்கு இருக்க வேண்டிய கம்பத்தைத் தடவிப் பார்த்தது, அங்கே இல்லை என்று கண்டதும் மேலே திரும்பி, விமானம் இருக்கிற திசைக்கு வளைந்து, ஊசிக்குள் நூல் போவதுபோல் அதன் மூக்குக்குள் போகத் தொடங்கியது. நூல் நூலாக, கொத்துக் கொத்தாக, ஒரு மேகம் பூராவும் போய்த் தீர்ந்தது. கீழே ஒரு சொட்டு விழவில்லை.

ஓலையோடு ஓடியவர்கள் ஓலையோடு நின்றார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கும்பிடவில்லை. உப்பு தண்ணி குடிக்கும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

உப்பளச் சங்கத் தலைவர் ஜெபமணி அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "ஏளா சுயம்பு, அடுத்த மேகமும் வருது பாத்தியா. அது தாண்டட்டும், பொறவு இறக்கு."

"பாட்டரி பன்னெண்டு நிமிஷம்தான் அண்ணாச்சி வரும்."

"பன்னெண்டு எப்பவோ தாண்டியாச்சே. அது பாட்டுக்குச் சுத்துதுல்லா, சுத்தட்டும்."

அந்த மேகம் தாண்டியது, அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. வரப்பில் உட்கார்ந்திருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. அளத்தில் உப்பு வாருகிற சந்தனமாரி அக்கா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அழாத தாயி, அம்மா ரெண்டு நிமிஷத்துல வந்துருவா" என்றாள். அந்த வார்த்தையை அதன்பிறகு எத்தனை வாய் அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் வாயும் சொல்லியிருக்கிறது.

மூன்றாம் நாள் நாற்காலி கொண்டுவந்து போட்டோம். நாலாம் நாள் தலைக்குமேல் தகரப் பந்தல் வந்தது. ரிமோட்டின் பாட்டரி தீர்ந்துவிடுமே என்று, பழையதைக் கழற்றும் முன்பே புதியதைச் சேர்த்து, பந்தல் காலிலிருந்து ஒரு கரண்ட் ஒயரையும் இழுத்து நான்தான் பற்றவைத்தேன். குச்சியிலிருந்து விரலை எடுக்க முடியாமல், நான் பற்றவைப்பதைக் கவனித்துக்கொண்டிருந்த சுயம்புக்கனி, "ஈயத்தை இவ்வளவு அப்பாதீங்கண்ணே, லேசா வச்சாத்தான் பிடிக்கும்" என்று சொல்லித்தந்தாள். லேசாக வைத்தேன். நன்றாகப் பிடித்தது.

வேறு ஆள் பிடித்துப் பார்த்தோம். தங்கமாரி பிடித்தான், ஜெபமணி அண்ணாச்சி பிடித்தார், நானும் பிடித்தேன், குச்சிக்கு ரப்பர் பேண்டும் போட்டோம். ஒவ்வொரு தடவையும் விமானம் மூக்கைத் தாழ்த்தியது, அவள் விரல் பட்டதும் நிமிர்ந்தது. ஆகவே அது அவளுடைய வேலை என்று முடிவாயிற்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம், குழந்தை பசித்துக் கத்துகிற சத்தம் கேட்டு, அவள் யாரிடமும் சொல்லாமல் விமானத்தை இறக்கப் பார்த்தாள். அது தென்னை உயரத்துக்கு வந்துவிட்டது. நாலு பேர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். யாரும் அடிக்கவில்லை, யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "கொஞ்சம் பொறும்மா, அம்பாரமெல்லாம் லாரி ஏறட்டும்மா" என்று கெஞ்சிக்கொண்டேதான் பிடித்தார்கள். கெஞ்சிக்கொண்டேதான் அவள் கைகளை ரிமோட்டோடு சேர்த்துச் சேலைத் துணியால் கட்டினார்கள். துணி வியர்வையில் நழுவியதால் பிறகு டேப் சுற்றினார்கள். டேப் தோலை உரித்ததால் பெண்கள் பரிதாபப்பட்டு, உள்ளே பஞ்சு வைத்து, மேலே மறுபடியும் டேப் சுற்றினார்கள். கட்டை விரல்கள் மட்டும் வெளியே இருந்தன, குச்சிகளின் மேல், இரண்டு சின்னக் காவல்காரர்களைப்போல.

அந்த வருஷம் கார்த்திகையில் எங்கள் ஊரில் உப்பு விளைந்தது. அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லா அளமும் தண்ணீரில் கிடக்க, சிப்பிவிளை மட்டும் வெள்ளையாக மின்னியது. லாரிகள் வரிசையில் நின்றன. நான் இன்னொரு பன்னிரண்டு ஏக்கர் எடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில்தான் ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். சந்தனமாரி அக்கா சோற்றை உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள், குழந்தை பவுனு நாற்காலிக்குக் கீழே உப்புக்கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இப்பல்லாம் குச்சியைத் தாழ்த்துனாலும் பிளேன் இறங்க மாட்டேங்குது. அந்தப் புஸ்தகத்துல, சுவிட்சை நிறுத்திட்டா பிளேன் என்னாகும்னு ஏதாவது போட்டுருக்கா?"

வீட்டுக்குப் போய்ப் படித்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. தொடர்பு அறுந்ததும் மோட்டார் நின்றுவிடும், விமானம் பெரிய வட்டங்களாகச் சுற்றித் தானாகவே மெல்லத் தரையிறங்கும், பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு படம்கூடப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் அது ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. ஜன்னல் வழியே என் இருபத்திநான்கு ஏக்கர் தெரிந்தது. திரும்பி வந்தேன்.

"கல்லு மாதிரி விழுந்துரும்னு போட்டுருக்கு, சுயம்பு."

அவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். "எங்க விழும்? ரிமோட்டு இருக்க இடத்துலயா?"

அதை நான் சொல்லவில்லை. அவளாகக் கேட்டாள். நான் செய்ததெல்லாம் "ஆமா" என்று சொன்னது மட்டும்தான்.

அவள் மேலே பார்த்தாள். ஒன்றரை மாதத்து மழையைக் குடித்து விமானம் சாம்பல் நிறமாகி, அதன் நிழல் ஒரு மாட்டுவண்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. பிறகு நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். "யக்கா, பவுனைத் தூக்கிட்டுத் தூரமாப் போங்க. இங்கன விடாதீங்க. நான் கூப்பிட்டாலும் விடாதீங்க."

அன்று சாயந்திரமே பந்தலைச் சுற்றி நூறடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டோம். சோறு ஊட்டுகிறவளும் தலை வாருகிறவளும் சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடி, முடித்துவிட்டு ஓடிவருவார்கள். மற்றபடி கோட்டைத் தாண்ட யாருக்கும் தைரியம் இல்லை. பவுனு கோட்டுக்கு வெளியே ஓடக் கற்றாள், கோட்டுக்கு வெளியே நின்று பேசக் கற்றாள். "அம்மா, பல்லு விழுந்துட்டு" என்று ஒருநாள் கத்தினாள். தடுக்கி விழுந்ததில் முன்பல் போயிருந்தது. "காட்டு மக்கா, வாயை நல்லாத் தொற" என்று அங்கிருந்து அம்மா கத்தினாள். நூறடி தூரத்திலிருந்து ஒரு குழந்தையின் வாய்க்குள் என்ன தெரியும்? "தெரியுது, தெரியுது" என்றாள்.

ஊர் இப்படியே பழகிக்கொண்டது. பழகுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. குடிதண்ணீர்க் கிணறு உவர்த்தது, லாரியில் தண்ணீர் வந்தது. பனைகள் தலை கவிழ்ந்தன, வெட்டி அடுப்பெரித்தோம். ஆடுகள் செத்தன, ஆடு வளர்ப்பதை விட்டோம். மழை பெய்யும் ஊரிலிருந்து பெண் எடுத்தால் அவள் அங்கேயே ஓடிவிடுகிறாள் என்று, ஊருக்குள்ளேயே பெண் எடுத்தோம். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்கும் சிலுவைக்கும் பக்கத்தில் விமானத்தை அச்சடித்தோம். மணமக்கள் சுண்ணாம்புக் கோட்டருகே நின்று அவளைக் கும்பிட்டுப் போவார்கள். அவள் கையெடுத்து வாழ்த்த முடியாமல் தலையை ஆட்டுவாள், அவர்கள் அதிலேயே திருப்திப்பட்டார்கள். தங்கமாரிக்குச் சங்கம் புது லாரி வாங்கிக் கொடுத்தது. அவன் அதன் நெற்றியில் விமானம் வரைந்து, அடியில் 'சுயம்பு துணை' என்று எழுதிக்கொண்டு, மாதத்துக்கு இருபத்தெட்டு நாள் ரோட்டில் இருந்தான்.

அளத்து வேலைக்காரர்கள்தான் ஒருதடவை முணுமுணுத்தார்கள். முன்பெல்லாம் மழைக்காலத்து மூன்று மாதம் அவர்களுக்குக் கூலி கிடையாது, ஆனால் உப்புத்தண்ணீரில் வெந்த கால் அந்த மூன்று மாதத்தில் ஆறும். இப்போது ஆறுவதற்கு மாதமே இல்லை. சந்தனமாரி அக்கா தன் பாதத்தைத் தூக்கி ஜெபமணி அண்ணாச்சியிடம் காட்டினாள், விரலிடுக்கில் வெள்ளையாக எலும்புபோல் ஏதோ தெரிந்தது.

"மழை வேணுமா, கூலி வேணுமா? ஒண்ணைச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அவள் காலைக் கீழே வைத்துவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டு போனாள்.

சுயம்புக்கனியை யாரும் மறக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முதல் சேலை அவளுக்குத்தான். நாலு பெண்கள் மறைத்துப் பிடித்துக்கொண்டு கட்டிவிடுவார்கள், ரவிக்கையின் கை ரிமோட்டைத் தாண்டிப் போகாது என்பதால் தோளில் பொத்தான் வைத்துத் தைத்தோம். அவள் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள், தூக்கத்திலும் கட்டை விரல்கள் குச்சியை அசைத்துக்கொண்டிருக்கும். விமானம் வர வரக் கனத்தது. மூன்றாம் வருஷம் அதன் நிழல் ஊர்ந்து வந்தால் பகலிலும் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கனம் முழுவதும் ரிமோட் வழியாக அவள் விரல்களில் இறங்கியதோ என்னவோ, அவள் தோள்கள் வளைந்து, முப்பத்துநாலு வயதில் ஐம்பது வயதுக்காரிபோல் ஆனாள். "அம்மாவுக்கு நல்ல கவனிப்பு" என்று சங்கத்து ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியது நான்தான், இரண்டு மொழியிலும்.

பவுனுக்கு நாலரை வயது ஆயிற்று. சந்தனமாரி அக்கா அளத்துக்குப் போகிற நேரங்களில் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்பாள், அலமாரியில் இருப்பதையெல்லாம் இழுத்துப்போட்டுப் படம் பார்ப்பாள், தூக்கச் சொல்லி என் இடுப்பில் ஏறிக்கொள்வாள். பிள்ளை இல்லாத வீடு. எனக்கும் அது பிடித்திருந்தது. அவள் பாரம் என் இடது இடுப்புக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் புரட்டாசி மத்தியானம் நான் சாய்வு நாற்காலியில் கண் அசந்திருந்தேன்.

"மாமா, இது எங்கம்மாவா?"

படத்தில் ஒரு குச்சி மனுஷி, கையில் ரிமோட்டோடு.

"ஆமா" என்றேன், பாதித் தூக்கத்தில்.

"இதுல பிளேன் சுத்திச் சுத்தி இறங்குதே. அம்மா மேல விழலியே."

கண்ணைத் திறந்தபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். அவள் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியது அந்தப் புத்தகம்.

செருப்புப் போடாமல் ஓடினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஊர் பாதி பந்தலைச் சுற்றித்தான் இருந்தது. பவுனு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். "ஏ புள்ள, திரும்பு! செத்துருவ, திரும்பு!" என்று எல்லோரும் கத்தினார்கள். சுயம்புக்கனியும் கத்தினாள், "வராத மக்கா, வராத" என்று. குழந்தை போய், அம்மாவின் முகத்துக்கு நேராகப் பக்கத்தை விரித்துப் பிடித்தது.

சுயம்புக்கனி கத்துவதை நிறுத்தினாள்.

நான் கோட்டருகே போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், சத்தமில்லாமல், ரிப்பேர் கடையில் ஒரு உதிரிப் பாகத்தைப் பற்றிக் கேட்பதுபோல: "அண்ணே, இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படிங்க."

"அது வேற மாடலுக்குப் போட்ட படம், சுயம்பு."

"சரிண்ணே." மறுபடியும் படத்தைப் பார்த்தாள். எத்தனை நூறு போன்களைப் பிரித்து, எழுத்துத் தெரியாத மொழிகளில் படத்தை மட்டும் பார்த்து மாட்டியிருப்பாள். "இதுல உள்ள ரிமோட்டுக்கும் மேல கறுப்புச் சுவிட்சு. இந்தா, மூலையில ரெண்டு ஓட்டை. எல்லாம் இதேதான்." புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "மூணு வருஷமா உங்க வீட்டுலதான இருந்துச்சு, இந்தப் புஸ்தகம்?"

நான் செருப்பில்லாத என் கால்களைப் பார்த்தேன்.

"பவுனு, கிட்ட வா" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். "அம்மா கையில டேப் சுத்தியிருக்குல்லா, அதுக்கு மேல கறுப்பா ஒரு குட்டிச் சுவிட்சு தெரியுதா? அதைக் கீழ இழு."

"பிடிங்கலே அந்தப் புள்ளைய!" என்று ஜெபமணி அண்ணாச்சி அலறினார். இருபது ஆண்கள் பாய்ந்தார்கள். இருபது பேரும் சுண்ணாம்புக் கோட்டில் வந்து, ஏதோ சுவரில் மோதியவர்கள்போல் நின்றார்கள். ரிமோட் இருக்கிற இடத்தில் விமானம் கல்லாக விழும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. சொன்னவன் படித்தவன். "நீ போலே", "நீ முன்னால போ" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஓடிப்போய்க் குழந்தையின் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால், நான் பொய் சொன்னது ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே நானும் அவர்களோடு நின்றேன்.

பவுனு எம்பி, இரண்டு கையாலும் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

மூன்று வருஷமாகக் காதோடு ஒட்டிக்கிடந்த ரீங்காரம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே அது நின்றபோதுதான் தெரிந்தது. விமானம் ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு, முப்பத்தொன்றாம் பக்கத்துப் படத்தில் எப்படியோ அப்படியே, அவசரமில்லாமல், பெரிய வட்டமாக, அதைவிடச் சின்ன வட்டமாக, சிமெண்டுத் தரையில் பம்பரம் ஓய்வதுபோல், சுற்றிச் சுற்றி இறங்கிவந்து, என் முதல் பன்னிரண்டு ஏக்கரின் நடுப்பாத்தியில் வயிற்றை வைத்துச் சறுக்கி நின்றது. யார்மேலும் விழவில்லை. மூக்கு மட்டும் விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு துணி முடிச்சு உருண்டு வெளியே வந்து தானாக அவிழ்ந்தது.

மழை தன் பங்கை எடுத்துக்கொண்டது. பிறகு மூன்று வருஷத்துப் பாக்கி மழையும் வந்தது.

அது மேலிருந்து வந்ததா, பாத்தியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியவில்லை, எல்லாப் பக்கமும் தண்ணீராக இருந்தது. "ஓலை, ஓலை" என்று கத்திக்கொண்டு எல்லோரும் அம்பாரங்களைப் பார்த்து ஓடினார்கள். ஓலை எங்கே இருக்கிறது? பனைகளை வெட்டி எரித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேட்டியை அவிழ்த்துப் போட்டு மூடினார்கள், சேலையைப் போட்டார்கள், கல்யாணப் பந்தல் துணியைப் போட்டார்கள். ஜெபமணி அண்ணாச்சி ஒரு அம்பாரத்தின்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார், அது அவருக்குக் கீழே சன்னமாகக் கரைந்து, அவரை மெல்லத் தரையில் இறக்கிவிட்டது. சந்தனமாரி அக்கா மட்டும் எங்கும் ஓடாமல், வரப்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மழைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

தகரப் பந்தல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. சுயம்புக்கனி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மகளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு கையும் ஒன்றாகத்தான் நீண்டன, நடுவில் ரிமோட்டோடு, டேப்போடு, அறுந்து தொங்கும் ஒயரோடு.

"வா மக்கா. முடிஞ்சிட்டு. அம்மா தூக்கிக்கிடுதேன், வா."

பவுனுக்கு மழையைப் பார்த்த நினைவே இல்லை. ஒரு பிள்ளைக்கு யாரும் சொல்லாமல் வானம் இப்படி உடைந்து மேலே விழுந்தால் என்ன செய்யும்? முகத்தைப் பொத்திக்கொண்டு வீறிட்டது. விரலிடுக்கு வழியே அம்மாவின் நீட்டிய கைகளைப் பார்த்தது, அந்தக் கைகளில் எங்கே ஏறிக்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. திரும்பி ஓடிவந்தது, கோட்டைத் தாண்டி. சுண்ணாம்பு கரைந்து கோடே இல்லை. வந்து, என் காலைக் கட்டி, வேட்டியைப் பற்றி, பழகிய இடதுபக்கமாக என் இடுப்பில் ஏறி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"மாமா, குத்துது மாமா, வீட்டுக்குப் போவோம்."

சுயம்புக்கனி ஒவ்வொரு அடியாக எண்ணி வைத்து என் எதிரே வந்து நின்றாள். திட்டவில்லை. கட்டிய கைகளை என் முன்னால் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். அவிழ்த்துவிடச் சொல்கிறாள். சுற்றுமுற்றும் பார்த்தேன். ஊரில் இருந்த அத்தனை கைகளும் உப்பின்மேல் கிடந்தன. மூன்று வருஷத்து டேப், நனைந்து, தோலோடு ஒன்றாகிப் போயிருந்தது. இரண்டு கையும் இருந்தால்தான் அதைப் பிரிக்க முடியும், குழந்தையைக் கீழே விட்டால்தான் எனக்கு இரண்டு கை.

"பவுனு," என்றேன், "ரெண்டே நிமிஷம் இறங்கு தாயி."

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். வேறு எந்த வார்த்தையையும்விட நன்றாகத் தெரியும். என் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.